எழும்பூர் லாட்ஜ் அறை: அப்பாவுடன் மூன்று ராத்திரி, எதைப் பார்த்து எடுப்பது?

தென்காசித்தூறல்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னை வருகிறேன். அவருக்கு 74 வயது. கருவிழியில் சிக்கல் என்று திருநெல்வேலி டாக்டர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கள் காலை பொதிகையில் வந்து இறங்கி, வியாழன் இரவு அதே வண்டியில் திரும்புகிற திட்டம். முன்பெல்லாம் பெரம்பூரில் சித்தப்பா வீடு இருந்தது. அவர்கள் கோவைக்குப் போய்விட்டதால் முதல் தடவையாக அறை எடுக்கிறேன்.

நாளுக்கு 1800 வரை கொடுக்கலாம். அப்பாவால் படி ஏற முடியாது. செயலியில் பார்த்தால் எல்லா லாட்ஜும் ஒரே வெள்ளை விரிப்பு, ஒரே நீலத் தலையணை, அதே சுவர்ப் படம். எதை நம்புவது என்று தெரியவில்லை. "ஹோட்டல்ல ரூம் போடறேன்ப்பா" என்றதற்கு "இட்லிக் கடையில எங்கடா படுக்கிறது?" என்று கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், தங்குவதற்கு லாட்ஜ்.

ஊர்சுற்றி78

முதலில் படத்தை விடுங்கள் தம்பி, மணியைப் பாருங்கள். மருந்துக் கம்பெனி வேலையில் 20 வருஷமாக மாதம் பத்து நாள் லாட்ஜில்தான் படுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பொதிகை விடியற்காலையில் இறக்கிவிடும். செயலியில் போடுகிற அறைகளில் பெரும்பாலும் பகல் 12 மணிக் கணக்கு. திங்கள் காலை 6 மணிக்கு உள்ளே போனால் அன்று பகல் 12க்கே ஒரு நாள் முடிந்தது. அப்புறம் வியாழன் பகல் 12 வரை மூன்று நாள். அன்று சாயங்காலம் வரை அறை வேண்டுமென்றால் இன்னொரு நாள். மூன்று ராத்திரி தூங்க ஐந்து நாள் வாடகை!

எழும்பூர் ஸ்டேஷன் எதிரில் கென்னட் சந்திலும் அதைச் சுற்றியும் பழைய லாட்ஜுகள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு இன்னும் இருக்கிறது. காலை 6க்கு நுழைந்தால் மறுநாள் காலை 6 வரை ஒரு நாள். உங்களுக்கு நாலு நாளோடு முடிந்துவிடும். கடைசி நாளுக்கு அரை வாடகை என்று பேசிப் பார்க்கலாம், சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஆகவே போனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல, "24 மணி நேரமா, 12 மணியா?" என்பதுதான்.

சாவிக்கொத்து

ஊர்சுற்றி சார் சொன்னது நூற்றுக்கு நூறு. எழும்பூரில் ஒரு லாட்ஜில் 11 வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவன் நான். இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறேன், அதனால் தாராளமாகப் பேசலாம்.

அப்பாவுக்குப் படி ஆகாது என்றீர்கள். போனில் "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள். பொய்யில்லை. ஆனால் தெருவிலிருந்து ரிசப்ஷனுக்கே ஆறேழு படி இருக்கும், லிஃப்ட் அதற்கு மேலேதான் தொடங்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அப்படி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். "தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி?" என்று கேளுங்கள்.

அடுத்தது பாத்ரூம். அறைத் தரைக்கும் பாத்ரூம் தரைக்கும் நடுவே ஒரு கல் வைத்திருப்பார்கள், தண்ணீர் வெளியே வராமல் தடுக்க. ராத்திரி எழுந்து போகிற வயசாளிகள் அதில்தான் தடுக்கி விழுவார்கள். பதினொரு வருஷத்தில் என் கண்ணெதிரே மூன்று பேரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பாத்ரூம் விளக்கை எரியவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் படுங்கள்.

சும்மாசொல்றேன்

1800 ரூபாய்க்கு இத்தனை ஆராய்ச்சியா? பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்கப்போகிறீர்கள். ராத்திரி தலை சாய்க்க ஒரு இடம், அவ்வளவுதானே. ஏசி குளிர்ந்ததா, வெந்நீர் வந்ததா, முடிந்தது கதை.

மழைக்குருவி

ஏசியும் வெந்நீரும் உங்களுக்குப் போதும் அண்ணா. டிஎன்பிஎஸ்சி நேர்முகத்துக்குத் தனியாக வந்து தங்கியவள் நான். நான் முதலில் பார்த்தது தாழ்ப்பாளை. கதவில் இரண்டு தாழ்ப்பாள் இருந்தது, மேலே உள்ளதற்கு நிலையில் ஓட்டையே இல்லை. பெயின்ட் அடித்தபோது மூடிவிட்டார்கள் போல. கீழே உள்ளது இழுத்தால் கையோடு வந்தது. கீழே இறங்கிச் சொன்னேன், வேறு அறை கொடுத்தார்கள். அதைக்கூட "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்ற முகத்தோடுதான் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கிடையாது" என்றார்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கிற சட்டமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. கோவையில் ஒரு விடுதியைப் பூட்டி சீல் வைத்த வழக்கு. அப்புறம் தனியாக வருகிற பெண்ணுக்கு மட்டும் எந்தச் சட்டம் தடை? கேட்டால் "ஓனர் ரூல்ஸ்".

தென்காசி அண்ணா, அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள் இல்லையா? என் அம்மாவுக்கு விட்டபோது கண் பாப்பா விரிந்து மணிக்கணக்கில் வெளிச்சமே பார்க்க முடியவில்லை. அறைக்கு வந்தால் திரைச்சீலை வலைத்துணி மாதிரி. என் துப்பட்டாவை ஜன்னல் கம்பியில் கட்டித்தான் அவரைப் படுக்க வைத்தேன். கனமான திரை இருக்கிற அறையாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கறுப்புப் போர்வையும் நாலு கிளிப்பும் கையோடு கொண்டுபோங்கள்.

தென்காசித்தூறல்

திரைச்சீலை யோசனை எனக்கு வந்திருக்கவே வராது. நன்றி. ஜன்னல் இல்லாத அறை எடுத்தால் அந்தப் பிரச்சினையே இல்லையே? கொஞ்சம் மலிவாகவும் போட்டிருக்கிறார்கள்.

சாவிக்கொத்து

வேண்டாம் தம்பி. ஜன்னல் இல்லாத அறை என்பது பெரும்பாலும் டக்ட் பக்க அறை. கட்டடத்துக்கு நடுவே கிணறு மாதிரி ஒரு சந்து விட்டு, எல்லா பாத்ரூம் பைப்பையும் அதில் இறக்கியிருப்பார்கள். மேல் மாடிக்காரர் குளித்தால் உங்கள் தலைமாட்டில் சத்தம். கொசுவும் அதற்குள்தான் குடியிருக்கும். தெருப் பக்க அறையில் ஆட்டோ சத்தம் இருக்கும், ஆனால் ராத்திரி 11க்கு மேல் அடங்கிவிடும். டக்ட் எப்போதும் அடங்காது.

இன்னொரு ரகசியம். "நான் ஏசி" என்று கொடுக்கிற அறையில் ஏசி பெட்டி மாட்டியிருக்கும், ரிமோட் மட்டும் இருக்காது. வெளியே பெட்டியில் உள்ள பிரேக்கரை இறக்கிவைத்திருப்போம். ராத்திரி பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காமல் ஆள் கீழே வருவார். மிச்சக் காசை வாங்கிக்கொண்டு பிரேக்கரைத் தூக்கிவிடுவோம். அந்த அறையில் காற்றோட்டத்துக்கு வேறு வழி இருக்காது, ஏசிக்காக எல்லாவற்றையும் அடைத்திருப்பார்கள். அதனால் எடுத்தால் ஏசி எடுங்கள். இல்லாவிட்டால் முதலிலிருந்தே ஃபேனுக்காகக் கட்டிய, ஜன்னல் திறக்கிற அறையாகப் பாருங்கள்.

வெந்நீர் "6 டு 9" என்று எழுதி வைப்பதற்கும் காரணம் உண்டு. மாடியில் ஒரே ஹீட்டர், எல்லா அறைக்கும் ஒரே குழாய். ஒன்பதரைக்குத் திறந்தால் குழாயில் நிற்கிற பச்சைத் தண்ணீர்தான் வரும். அறைக்குள்ளேயே சின்ன கீசர் இருந்தால் நேரக் கணக்கு கிடையாது. ஆனால் 3 லிட்டர் கீசரில் ஷவரைத் திறந்தால் சூடு தாக்குப்பிடிக்காது, குழாயை மெல்லத் திறந்து வாளியில் பிடித்துக்கொள்ளவேண்டியதுதான்.

ஊர்சுற்றி78

வாளி என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போது புதிதாகச் சீர்செய்கிற லாட்ஜுகளில் வாளியையும் மக்கையும் எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடித் தடுப்பு, மேலே வட்டமாக ஒரு ஷவர். கண் வைத்தியத்துக்குப் போகிறவர் முகத்தில் தண்ணீர் படாமல் குளிப்பது எப்படி? போனதும் வாளி, மக்கு, முடிந்தால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்டூல் பெரும்பாலும் ரூம் பாய் உட்காருகிற ஸ்டூலாக இருக்கும், தருவார்.

அப்புறம் மூட்டைப்பூச்சி. உள்ளே போனதும் பையைக் கட்டிலில் வைக்காதீர்கள், பாத்ரூம் வாசலில் வையுங்கள். தலைமாட்டுப் பக்கம் விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தில் செல்போன் விளக்கை அடியுங்கள். பால்பாயின்ட் பேனாவால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அடுத்த அறை. விரிப்பு எவ்வளவு வெளுப்பு என்பதில் ஒன்றுமே இல்லை. நான் கடி வாங்கியதிலேயே மோசமான அறையின் விரிப்பில் கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை.

பனங்காய்

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியின் கலியாணச் சாமான் வாங்க வந்து தி.நகரில் ஐந்து நாள் நின்றனாங்கள். என்ட பங்குக்கும் கொஞ்சம்.

முதல் நாள் கடவுச்சீட்டைப் பார்த்ததும் "ஃபாரினர்ஸுக்கு ரூம் இல்லை" எண்டு மூன்று இடத்தில் சொல்லிவிட்டார்கள். தமிழில் கதைக்கிறோம், தமிழில் பதில் வருது, அறை மட்டும் இல்லை. பிறகுதான் விளங்கினது. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் சி படிவம் பதிந்து அனுப்பவேண்டுமாம். அந்தக் கரைச்சல் வேண்டாம் எண்டு சின்ன லாட்ஜ்காரர் தவிர்க்கினம். அதிலே எங்களுக்குக் கோபம் இல்லை, ஆனால் அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஓட்டோவில் பெட்டியோடு அலைந்தது நாங்கள்தானே.

மற்றது பிளக். எங்கட ஊரில் சதுரப் பின், இங்க உருண்டைப் பின். மாற்றி ஒன்று கொண்டுவந்தும் குத்த இடமில்லை. அறையில் ரெண்டே ரெண்டு பொயின்ற், ஒன்று டிவிக்குப் பின்னால், மற்றது மேசைக்குக் கீழ் ஆடிக்கொண்டு. அம்மாவின்ட மூச்சு மருந்து மெசினைக் குளியலறைக் கதவடியில் வைத்துத்தான் போட்டோம். அதைவிட ஒரு குறையும் இல்லை. ரூம் பாய் பொடியன் காலமையில் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து கதவைத் தட்டுகிற சத்தம் இப்பவும் காதுக்குள் கிடக்குது.

சும்மாசொல்றேன்

சரி, தாழ்ப்பாள் விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் தங்கச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜிஎஸ்டி என்று 1600 வாடகைக்கு 192 ரூபாய் போட்டார்கள் எனக்கு, போன டிசம்பரில். இது சரியா?

ஊர்சுற்றி78

தப்பு. அது பழைய 12 சதவீதக் கணக்கு. நாளுக்கு 7500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். 1600க்கு 80 ரூபாய். அதற்கும் முன்னால், 2022 ஜூலை வரைக்கும் ஆயிரத்துக்குக் கீழே உள்ள அறைக்கு வரியே கிடையாது, எங்களைப்போன்ற ஆட்களுக்கு அது பொற்காலம். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவே செய்யாத லாட்ஜ் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

மழைக்குருவி

ரயில்வே ஓய்வறை பற்றி யாரும் சொல்லவில்லையே? உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருந்தால் பிஎன்ஆரை வைத்து ஐஆர்சிடிசியில் போடலாம். 48 மணி நேரத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதனால் மூன்று ராத்திரிக்கு ஆகாது. வந்து இறங்குகிற அன்று குளித்து, உடை மாற்றி, நேராக ஆஸ்பத்திரி போக நல்லது. எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது, உங்கள் தேதிக்குக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாவிக்கொத்து

இன்னும் ஒன்று, தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். பெரிய முகூர்த்த நாள் என்றால் எழும்பூரில் 1800 அறை 3000 ஆகும், அதுவும் கிடைக்காது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு மாடியையே மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட வராண்டாவில் மல்லிகைப்பூ பங்கு பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். போர்வெல்லில் வருகிற தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. பல் தேய்க்கக்கூட கேன் தண்ணீர்தான். அப்பாவுக்கு முகம் துடைக்க அதையே பயன்படுத்துங்கள். 2019 ஜூனில் ஏரிகள் வற்றிய நேரத்தில் நான் டியூட்டியில் இருந்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலுமே காலி. அறைக்கு இரண்டு வாளி என்று கணக்கு வைத்து, பாதி மாடியைப் பூட்டிப்போட்டோம். லாரி வருகிற சத்தம் கேட்டால் முதலாளி செருப்புப் போடாமல் ஓடுவார். அந்த வருஷத்துக்கு அப்புறம் எந்த லாட்ஜுக்குப் போனாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது குழாயைத்தான்.

தென்காசித்தூறல்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போய் வந்துவிட்டோம்.

கென்னட் சந்திலேயே ஒரு பழைய லாட்ஜ், 24 மணி நேரக் கணக்கு, ஏசி 1650, வரி 5 சதவீதம். ஒன்பது இடத்துக்குப் போன் செய்தேன். "தெருவிலிருந்து லிஃப்டுக்கு எத்தனை படி?" என்றதும் பாதிப்பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் "இருங்க சார், எண்ணிட்டு வர்றேன்" என்று போய் எண்ணிவிட்டு வந்து "மூணு" என்றார். அங்கேயே போட்டுவிட்டேன்.

குறைகள் இருந்தன. கட்டில் என்பது இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப் போட்டது. மேலே ஒரே விரிப்பு. ராத்திரி புரண்டால் நடுவில் பிரிந்து, அந்தப் பள்ளத்தில் என் முழங்கை இறங்கியது. இரண்டையும் தள்ளிப் போட்டு நடுவில் நாற்காலியை வைத்தேன், அது அப்பாவுக்கு மருந்து வைக்க மேசையாகவும் ஆயிற்று. தலையணை செங்கல். துண்டு ஒன்றுதான் தந்தார்கள், இன்னொன்று கேட்டதற்கு ரிசப்ஷனில் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏசி ரிமோட்டில் பேட்டரி இல்லை. போட்டுத் தந்தபிறகு அது 24லேயே நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அப்பாவுக்கு அது சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். செவ்வாய் மதியம் ஒரு மணி நேரம் கரன்ட் போனது. ஜெனரேட்டரில் ஃபேன் மட்டும்தான் ஓடியது.

அன்றைக்குத்தான் சொட்டு மருந்து விட்டு அழைத்து வந்திருந்தேன். மழைக்குருவி சொன்ன கறுப்புப் போர்வையை ஜன்னலில் மாட்டியிருந்தோம். இருட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டேஷனில் வருகிற அறிவிப்பைக் காதால் கேட்டு எந்த வண்டி எங்கே போகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே எந்த வண்டியில் எப்போது யார் கல்யாணத்துக்குப் போனார் என்ற கதையும் வந்தது. இவ்வளவு நேரம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

ரூம் பாய் என்று கூப்பிடத்தான் கூச்சமாக இருந்தது, அவருக்கு அறுபது வயது இருக்கும். ராஜபாளையம் பக்கத்துக்காரர். அப்பா தென்காசி என்றதும் காலையில் கேட்காமலேயே இட்லியும், பொட்டலத்தில் தனியாக மிளகாய்ப்பொடி எண்ணெயும் வாங்கி வந்தார். டிப்ஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவில்லை. கிளம்புகிற அன்று வற்புறுத்தித்தான் கொடுக்கவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி என்று அங்கே வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். அந்த வரிசையைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

சும்மாசொல்றேன்

படியை எண்ணிவிட்டு வந்து சொன்ன ஆள் இருக்கிற லாட்ஜா? எனக்கும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. எந்த அறை என்று சொல்ல முடியுமா?

தென்காசித்தூறல்

லாட்ஜ் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன் சார். இரண்டாவது மாடி, தெருப் பக்கம், லிஃப்டிலிருந்து இரண்டாவது கதவு. பாத்ரூம் வாசல் கல் கொஞ்சம் உயரம்தான், முதல் நாளே மாமியாருக்குக் காட்டிவிடுங்கள். வாளி வெளியே வராண்டாவில் இருக்கும், ஸ்டூலை ராஜபாளையத்துக்காரரிடம் கேளுங்கள்.